மணி அடிக்காத மூன்று நாள்

“மோட்டரைப் பற்றிப் படிச்சு நீ என்னத்தைக் கிழிக்கப் போறாய்?” என்று பெரியப்பா ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தக் கேள்விக்குப் பிறகு மின்னியல் வகுப்பில் சேருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

வவுனியா பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தையல்கார அக்காவும், அவருடைய பக்கத்து வளவில் அரிசி மில் வைத்திருப்பவரும் இருந்தார்கள்.

“அண்ணை, உங்கட மில் தும்மினால் என்ர லைட் கண்ணைச் சிமிட்டுது. ஊசி விரலில ஏறுது. இண்டைக்குக் கரண்ட் கந்தோரில முறைப்பாட்டுக் கடிதம் குடுக்கத்தான் போறன்.”

“அதுக்குத்தானே தங்கச்சி, மோட்டரைப் போட முன்னம் மணி அடிக்கிறனான். நீங்கள் கையை எடுப்பியள் எண்டு.”

“மணி அடிச்சால் லைட் மங்காதோ? ஒரு அளவுக்கு மேல மங்கினால் கரண்ட்காரர் மோட்டரை நிப்பாட்டச் சொல்லுவினமாம்.”

“ஓம், எனக்கும் சொன்னவை. அதுதான் மோட்டர் ஒரேயடியாக் கரண்டை இழுக்காமல் மெல்ல மெல்ல வேகம் எடுக்கிற மாதிரி ஒரு பெட்டி பூட்டினனான். மூண்டு நாளா மணி அடிக்கேல்லை. கவனிக்கேல்லையோ?”

அக்கா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

“மில் சத்தம் கேட்டது. லைட் அசையேல்லை. டீசல் எஞ்சினில ஓட்டுறியள் எண்டெல்லோ நினைச்சன்.”

கடிதத்தை நாலாக மடித்து, அதனால் விசிறிக்கொண்டார்.

நான் அடுத்த தரிப்பில் இறங்கிப் போய், தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் வகுப்புக்கு என் பெயரைப் பதிந்துவிட்டேன்.