நூற்றுப் பதினோராம் வரி

1987ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை, மாலை ஆறரை மணிக்கு, மாட்டுங்காவில் நம் மகளிர் மன்றத்தின் முதல் மாடி அறையில் நான் தனியாக இருந்தேன். மின்விசிறி பழுதாகியிருந்தது. கணிப்பொறி பழுதின்றி இயங்கியது. என் பெயர் வாலாம்பாள். அப்போது எனக்கு வயது அறுபத்தாறு. வரன் பதிவேட்டின் கௌரவச் செயலாளராக இருந்தேன். செயற்குழு கேட்டுக்கொண்டபடி நடந்ததை எழுதித் தருகிறேன். வாக்கியங்களை யாரும் திருத்த வேண்டாம்.

சென்ற பிப்ரவரி 26ஆம் தேதிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், "அகரவரிசைப்படுத்துகையில் நேர்ந்த கைப்பிழை" என்று எழுதி என்னை ஏகமனதாக மன்னித்திருக்கிறீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் அந்த வாக்கியம் தவறு. அகரவரிசைப் பிழை என்பது என்னவென்று தெரிந்த ஒருவராவது குழுவில் இருந்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டீர்கள். ஆகவே முதலில் அதை விளக்குகிறேன்.

கணிப்பொறி வருவதற்கு முன், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை எழுதி மரப்பெட்டியில் வைத்திருந்தோம். செம்பூரில் ஆறு வாரம் வகுப்புக்குப் போய், ஸ்பிரெட்ஷீட் என்னும் கட்டம் போட்ட தாளைத் திரையில் கையாளக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாருக்கும் இருபது வயது. நான்தான் முதலாவதாகத் தேறினேன்.

அந்தத் தாளிடம் சில தந்திரங்கள் உண்டு. தொலைபேசி எண்ணை 471, நடுவில் ஒரு கோடு, 2305 என்று அடித்தால், நீங்கள் கழிக்கச் சொல்வதாக அது எடுத்துக்கொண்டு மைனஸ் 1834 என்று காட்டும். நம் மன்றத்து மீனாட்சியம்மாள் தம் பேத்தியின் எண்ணை அப்படித்தான் அடித்தார். அந்த எண்ணை யாரும் அழைக்கவில்லை என்று இரண்டு மாதம் வருந்தினார். எண்ணுக்கு முன் ஒரு மேற்கோள் குறி இட்டால் போதும். இதை நான்கு முறை சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, அகரவரிசை. வரிசைப்படுத்துவதற்கு முன் எந்தப் பரப்பு என்று குறித்துக் காட்ட வேண்டும். திரையில் தெரிவது தாளின் ஒரு பகுதி மட்டுமே. பெயர், தந்தை பெயர், விலாசம், படிப்பு, உயரம் ஆகியவை தெரியும். நட்சத்திரம் கடைசி நெடுவரிசை. அது திரையின் வலது ஓரத்துக்கு அப்பால் இருந்தது. அன்று மாலை நான் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் குறித்து வரிசைப்படுத்தினேன். பெயர்கள் இடம் மாறின. நட்சத்திரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. நூற்று நாற்பத்து மூன்று பெண்களும் ஒரு நொடியில் வேறொருத்தியின் நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் ஆனார்கள்.

அகரவரிசைப் பிழை என்றால் இதுதான். அது யாரையும் விட்டுவைக்காது. ஒருத்தியை மட்டும் பொறுக்கி எடுத்துக் கெடுக்கும் திறமை அதற்கு இல்லை.

நான் அதை அப்போதே கவனித்தேன். பதறவில்லை. வரிசைப்படுத்துவதற்கு முன் தாளை வேறு பெயரில் ஃபிளாப்பியில் சேமித்து வைத்திருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பழைய பிரதியைத் திறக்கும் முன், பட்டியல் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். நூற்றுப் பதினோராம் வரியில் ருக்குவின் பெயருக்கு எதிரே மூலம் என்றிருந்தது. அவளுடைய நட்சத்திரம் உத்திரட்டாதி.

ருக்குவை நீங்கள் அறிவீர்கள். பக்கத்துக் கட்டடத்தில் அண்ணன் ஜம்புவோடு இருப்பவள். அப்போது இருபத்தெட்டு வயது. வேலை முடிந்து தினமும் ஏழு மணிக்கு மன்றத்துக்கு வருவாள். மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாக வாசிப்பாள். நான் திரையைப் பார்த்துச் சரி என்பேன். ஒத்துப் பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். மற்றப் பெண்கள் எண்களை விழுங்குவார்கள். ருக்கு விழுங்க மாட்டாள். சில தகப்பனார்களின் பெயரை அவரவர் குரலிலேயே வாசித்துவிட்டுச் சிரிப்பாள். அதை நான் கண்டித்ததில்லை.

அன்று காலைதான் செம்பூர் அனந்தகிருஷ்ணன் வீட்டிலிருந்து, மகன் நாணுவுக்காகப் பெண்கள் பட்டியல் கேட்டிருந்தார்கள். நாணுவுக்கும் உத்திரட்டாதிக்கும் பத்தில் ஏழு பொருத்தம். நாணு நல்ல பையன். அவனுக்குப் பரோடாவில் வேலை.

பழைய பிரதியைத் திறந்தேன். இம்முறை கடைசி நெடுவரிசை வரைக்கும் குறித்து, முறையாக வரிசைப்படுத்தினேன். நூற்று நாற்பத்து மூன்று பேரும் தத்தம் நட்சத்திரத்துக்குத் திரும்பினார்கள். பிறகு கர்சரை நூற்றுப் பதினோராம் வரிக்குக் கொண்டுபோய் மூலம் என்று அடித்தேன். திரையில் தமிழ் வராது. ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகள். சேமித்தேன். பழைய பிரதியை அழித்தேன்.

ஏழு மணிக்கு ருக்கு வந்தாள். "என்ன மாமி, விசிறி இல்லாம வேர்த்துக் கொட்டறதே. இன்னிக்கு லீவு விட்டுடலாமா?" என்றாள். விட முடியாது என்றேன். வாசித்தாள். தன் அட்டை வந்தபோது, வழக்கம்போல, "குமாரி ருக்மிணி, உத்திரட்டாதி, இன்னும் ஸ்டாக்கில் உண்டு" என்றாள்.

நான் சரி என்றேன்.

நம்மவர்களின் ஒரு வழக்கம் எனக்குத் துணையாக இருந்தது. பெண்கள் பட்டியல் பிள்ளை வீட்டுக்கு மட்டும் போகும். நட்சத்திரம் ஒத்து வந்தால்தான் ஜாதகம் கேட்பார்கள். ஒத்து வராவிட்டால் கேட்க மாட்டார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் மனம் நோகக் கூடாதே என்ற நாகரிகம். மூலம் மாமனாருக்கு ஆகாது என்பது பலரின் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பட்டியல்களை நானே உறையிலிட்டு அனுப்பினேன்.

பதினைந்து மாதங்களில் முப்பத்தெட்டு வீடுகளுக்குப் பட்டியல் போயிற்று. ருக்குவின் ஜாதகத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஜம்பு ஒரு நாள் விக்ரோலியில் வேலை முடிந்து நேராக மன்றத்துக்கு வந்தான்.

"இருபத்தொம்பது முடியப்போறது மாமி. ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலை. லிஸ்டில் ஏதாவது டைப்பிங் மிஸ்டேக் இருக்குமோ?"

"என் பட்டியலில் தட்டச்சுப் பிழை இருக்காது" என்றேன். அது உண்மை. கைதவறி விழுவதைத்தான் பிழை என்பார்கள்.

"இல்லை, கோச்சுக்காதேங்கோ. ராத்திரியெல்லாம் அவள் தூங்கறதில்லை. கேட்டா கொசுங்கறா."

அடுத்த நாள் அவளுக்கு ஒரு கொசு வலை வாங்கிக் கொடுத்தேன்.

சென்ற மே மாதம் நாணுவுக்கு வேறிடத்தில் மணமாயிற்று. இந்த ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு அவனுடைய பெற்றோர் வந்திருந்தார்கள். காபி கொடுத்துக்கொண்டிருந்த ருக்குவின் கையைப் பிடித்துக்கொண்டு நாணுவின் தாயார் சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன்.

"உன்னைத்தான் நான் மனசுல வச்சிருந்தேண்டி. என்ன பண்றது, மூலம்னு கேட்டாலே இவர் நடுங்கறார்."

"யாருக்கு மூலம், மாமி?"

"உனக்குத்தான். லிஸ்டில போட்டிருந்ததே."

"எனக்கு உத்திரட்டாதின்னா!"

அனந்தகிருஷ்ணன் காபியை வைத்துவிட்டு, "அப்போ நான் சும்மாவா பயந்தேன்?" என்றார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ருக்கு சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு மீதமிருந்த டம்ளர்களை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் போனாள். எடுத்த வேலையை அவள் பாதியில் விடுவதில்லை.

அதன் பிறகுதான் நீங்கள் கூடி, கைப்பிழை என்று எழுதினீர்கள். அதை ஏற்றுக்கொண்டிருந்தால் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பரப்பைச் சரியாகக் குறிக்கத் தெரியாதவள் என்ற பெயரோடு நான் இந்த மன்றத்தில் உட்கார முடியாது. செய்தது நான், தெரிந்து செய்தேன், ஒரே ஒரு கட்டத்தில் செய்தேன். ஏன் என்று கேட்டீர்கள். ருக்கு பரோடாவுக்குப் போய்விட்டால் அட்டைகளை வாசிக்க ஆளில்லை. ஒத்துப் பார்க்காத பட்டியல் பட்டியலே அன்று. மன்றத்தின் நலனுக்காகவே செய்தேன்.

மார்ச் 12ஆம் தேதிக் கூட்டத்தில் இதை வாய்மொழியாகச் சொன்னபோது ருக்குவும் இருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"வாரத்துக்கு ரெண்டு பேர், மிஞ்சினா மூணு பேர்தானே புதுசா சேர்றா மாமி? தினமும் அத்தனை பேரையும் எதுக்கு வாசிக்கச் சொன்னேள்?"

ஒழுங்குக்காக என்றேன். "உக்காந்து பேசிண்டிருக்கலாம் வாடின்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே" என்றாள். கூட்டத்தின் பொருளுக்கு அது சம்பந்தமில்லாததால் குறிப்பில் சேர்க்க வேண்டாமென்று சொன்னேன். சேர்க்கவில்லை.

முடிவு செய்யப்பட்டவை வருமாறு. முப்பத்தெட்டு வீடுகளுக்கும் திருத்தக் கடிதம் போகும். அதை நான் எழுத, தலைவர் கையொப்பமிடுவார். ருக்கு தன் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். வாஷியில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் இடம் கிடைத்து, ஏப்ரல் முதல் தேதி போகிறாள். முன்பு நூற்றுப் பதினோராவதாக இருந்த ருக்குவின் வரியை நான் அனைவர் முன்னிலையிலும் நீக்கினேன். கீழே இருந்தவை மேலே நகர்ந்துகொண்டன. நான் பொறுப்பிலிருந்து விலகினேன். பதிவேடு மீனாட்சியம்மாளிடம் ஒப்படைக்கப்பட்டது.

சாவியை வாங்கிக்கொள்ளும்போது, ஒத்துப் பார்க்கத் தமக்கும் ஒரு துணை வேண்டுமே என்று அவர் கவலைப்பட்டார். வேண்டியதில்லை, புதிய அட்டைகளை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும், ஒருவரே பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலை என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.