சத்தம் படாத நாற்காலி

சப்-ஊஃபர் என்கிற தாழ்ந்த ஓசைப் பெட்டியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதை டிவி பக்கத்தில் காலியாக இருக்கிற மூலையில் தள்ளிவிட்டு, பாஸ் ஓசை சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டுவார்கள். முறை அதுவல்ல. முதலில் பெட்டியை நாம் உட்காரும் நாற்காலியில் வைக்க வேண்டும். ஒரு தாழ்ந்த ஓசையை ஓடவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எங்கே ஓசை நிறைவாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கு இடம். நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன், சார்.

என் பெயர் சதாசிவம். பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை, மாசாயில் வீடு. மனைவி கஸ்தூரி பாலோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. "உங்ககூட இருந்தா மூச்சு முட்டுது" என்று போனில் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது. அதனால்தான் அந்த ஸ்பீக்கர் செட்டை வாங்கினேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, கூடவே அந்த சப்-ஊஃபர் பெட்டி. படம் ஓடும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நடமாடுவது போலிருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் வாசுகி, அவள் கணவன் வேலு, சில மாதக் குழந்தை லோஷினி. வேலு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். பகலெல்லாம் அவளும் பிள்ளையும்தான்.

ஒரு மத்தியானம் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, எங்கயாச்சும் மெஷின் ஓடுதா? சுவரு பூரா உர்ருனு இருக்கு. சாமி மேடைல மணி தானா ஆடுது. பயமா இருக்குண்ணே."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். ஹால் நடுவில் இருந்த என் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முகம் மாறியது.

"இங்க இல்லண்ணே. இங்க உட்கார்ந்ததும் போயிருச்சு."

இதில் மாயம் ஒன்றுமில்லை. அந்த மாதிரித் தாழ்ந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. சுவரோரம் பெருகும், அறை நடுவில் ஓரிடத்தில் அடங்கிப்போகும். நாற்காலி அந்த இடத்தில் இருந்தால் அமைப்பு தவறு என்று பொருள். பெட்டியை அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே தூங்கிவிட்டாள். வெகு காலத்துக்குப் பிறகு என் வீட்டில் ஒருவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால் பெட்டியை நகர்த்தவில்லை.

பிறகு நான் வீட்டிலிருந்த பகல்களில் அதை ஓடவிட்டேன். அவள் வருவாள். நான் மைலோ கலக்கிக் கொடுப்பேன். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், நானும் அப்படித்தான் பழகினேன். அவள் விரல் நுனியைக்கூடத் தொட்டதில்லை. தவறாக எழுதிவிடாதீர்கள்.

வேலுவின் மோட்டார் சத்தம் கேட்டால் அணைத்துவிடுவேன். அவன் சுவரில் காதை வைத்துப் பார்த்திருக்கிறான். ஒரு நாள் என்னிடமே வந்தான்.

"அண்ணே, உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"நான் உட்கார்ற இடத்துல ஒன்னும் கேக்கல, தம்பி" என்றேன். அது பொய்யில்லை.

கோயிலில் மந்திரித்த கயிறு கட்டினார்கள். சுவரில் ஏதோ தங்கியிருக்கிறது என்று யாரோ சொல்ல, நிலைப்படியில் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டார்கள். மணி ஆடுவது நிற்கவில்லை. பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு இப்படி வருவதுண்டு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை, அவரிடம் சொல்லப்பட்டதை வைத்துத்தான் பார்த்தார். கடைசியில் வேலு பிள்ளையைத் தம்போயில் தன் அக்காவிடம் கொண்டுபோய் விட்டான்.

அன்று வாசுகி என் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பால் கட்டி நைட்டி நனைந்திருந்தது. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளை இல்லாததால் இனி அவள் இடையில் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவள் வருவது குறைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

"அது சுவத்துல இல்லண்ணே, என் தலைக்குள்ளதான் இருக்கு. ஓடி ஓடி உங்க வீட்டுக்கு வரக்கூடாதாம். ஒரு வாரம் கேக்காம இருந்துட்டா, பாப்பாவக் கொண்டாந்து தர்றேன்னு அவரு சொல்லிட்டாரு லா."

நான் கல்நெஞ்சன் இல்லை. அன்றே அணைத்துவிட்டேன். அவள் தேறினாள். கோலம் போட்டாள். பிள்ளைத் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் கேட்டைத் திறந்து உள்ளே வரவில்லை. ஒவ்வொரு பகலும் மைலோவைக் கலக்கி வைத்து, ஆறிப்போனதும் கொட்டினேன். நன்றாகிவிட்டால் மனிதர்கள் இப்படித்தான், யார் ஆதரவாக இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலு பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பினான். மோட்டார் தெருமுனை திரும்பியதும் நான் சப்-ஊஃபரைப் போட்டேன். அதுவரை வைக்காத அளவுக்கு ஏற்றினேன். அவள் பயந்து ஓடி வருவாள் என்றுதான் நினைத்தேன். கேட்டைத் திறந்து வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவை "ஐயோ, மறுபடியுமா" என்று அவள் குரல் கேட்டது. பிறகு குரல் இல்லை. நான் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று காத்திருந்தேன்.

வேலு பிள்ளையோடு வந்து கதவைத் திறந்தபோது அவள் உயிரோடு இல்லை, தானே உயிரை விட்டிருந்தாள். நான் காத்திருந்த கவனத்தில் பெட்டியை அணைக்க மறந்துவிட்டேன். அன்றுதான் அவனுக்கும் அது கேட்டது.

பெட்டியை நீங்கள் எடுத்துப்போன பிறகும் என் வீட்டில் ஓசை இருக்கிறது, சார். முன்பு நாற்காலியில் மட்டும் கேட்காது. இப்போது அங்கேதான் அதிகமாகக் கேட்கிறது. பின்னால் யாரோ நிற்பது போலவும் இருக்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் எல்லாரிடமும் ஓடிப் பார்த்தாள், அவளுக்கு நிம்மதி கொடுத்த ஒரே ஆள் நான்தான்.