பூட்டாமல் விட்ட செய்தி

எனக்கு நீச்சல் தெரியாது. கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமழபாடியில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதனால்தான் ஆற்றைப் பற்றி எழுதத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். இறங்காமலேயே ஆற்றோடு பழக அது ஒரு வழி.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். என் பெயர் தமிழழகன். அரியலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ‘கொள்ளிடம் இன்று’ என்ற இணையதளம் என்னுடையது. மேலணைப் பக்கம் டீக்கடை போட்டிருக்கும் என் மச்சான் குருநாதன், கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால் உடனே போன் செய்வான். நான் அதைத் தளத்தில் போடுவேன். தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் ஆற்றுத் திட்டுகளில் ஆடு மேய்ப்பவர்கள் கரையேறிவிடுவார்கள். எச்சரிக்கை வண்டியும் வரும்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு என் தளம்தான் பழக்கம்.

சில வருஷம் சும்மாவே கொடுத்தேன். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. தாமதமானால் மட்டும் போன் போட்டுத் திட்டுவார்கள். பிறகுதான் மெம்பர்ஷிப் பிளகின் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அதைச் சேர்த்துவிட்டால் சந்தா கட்டியவருக்குச் செய்தி முழுதாகத் திறக்கும். மற்றவருக்கு ‘இன்றைய ஆற்று நிலவரம்’ என்ற தலைப்பும் ஒரு பூட்டுப் படமும் மட்டும் தெரியும். சந்தா பெரிய தொகை இல்லை. உழைப்புக்கு ஒரு மரியாதை வேண்டுமல்லவா.

புதிதாக வருகிறவர்கள் மாதிரிக்கு ஒன்றைப் பார்க்கட்டும் என்று ஒரு பழைய செய்தியை மட்டும் பூட்டாமல் மேலே நிறுத்தினேன். கோடையில் எழுதியது. ‘ஆற்றில் தண்ணீர் இல்லை. தாராளமாக இறங்கலாம்’ என்று இருக்கும். தேதி தெரிந்தால் பழைய சரக்கு என்று போய்விடுவார்கள், அதனால் தேதியை எடுத்துவிட்டேன். ‘மாதிரி’ என்றாவது போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருக்கலாம்.

மணிவேல் அண்ணன் கெட்டவர் இல்லை. நாற்பது ஆடு வைத்திருந்தார், வாய் மட்டும் கொஞ்சம் துடுக்கு. நான் பூட்டுப் போட்ட வாரம் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். “ஏன் தம்பி, ஆத்துல தண்ணி வருதுன்னு சொல்றதுக்கும் காசா? நாளைக்கு வெயில் அடிக்குதுன்னு சொல்லவும் கேப்பியா?” என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை.

நீங்கள் கேட்கும் அந்த நாள் காலையில் குருநாதன் கூப்பிட்டு, நிறையத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்றான். ஒரு நிமிஷம் வீணாக்காமல் எழுதினேன். உறுப்பினர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு மணிவேல் அண்ணனின் மனைவி சம்பூர்ணம் அக்கா கூப்பிட்டார். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது.

“தம்பி, இவரு திட்டுக்கு ஆட்ட ஓட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. தண்ணி தொறந்துட்டாங்களாப்பா?”

“சைட்ல போட்டிருக்கேன்க்கா. பாருங்க.”

சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதான். ஆனால் ஒருவருக்குச் சும்மா சொன்னால் பணம் கட்டியவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? என் கையை நானே கட்டிப்போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அக்கா லைனில் இருந்தபடியே தளத்தைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். “தண்ணீர் இல்லை, தாராளமாக இறங்கலாம்னு போட்ருக்கு. அப்ப போவச் சொல்லட்டுமா தம்பி?”

“ம்” என்றேன்.

நீங்கள் கேட்டது இதுதானே? தண்ணீர் வருவது எனக்குத் தெரியும். அக்கா படித்தது எந்தச் செய்தி என்பதும் தெரியும்.

திரும்பக் கூப்பிட நேரம் இருந்தது. போன் மேசை மேல்தான் கிடந்தது. கை போகவில்லை. மத்தியானம் யாரோ அந்தப் பூட்டிய செய்தியை மறுபடி மறுபடி அழுத்துவது என் திரையில் தெரிந்தது. அக்காவாகத்தான் இருக்கும். பாவமாக இருந்தது, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆடுகளில் பாதி நீந்திக் கரையேறிவிட்டன. அண்ணன் என்னைப் போல் இல்லை, நன்றாக நீந்துவார். மீதி ஆட்டை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை போலிருக்கிறது. அவர் பிடிவாதத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?

அண்ணனின் காரியம் முடிந்த மறுநாளே சம்பூர்ணம் அக்காவை ஒரு பைசா வாங்காமல் ஆயுள் உறுப்பினர் ஆக்கிவிட்டேன். ஆற்று நிலவரம் தினமும் காலையில் அவருடைய போனுக்குப் போகிறது. அவர் ஒருநாளும் திறந்து பார்ப்பதில்லை. இந்த ஊரில் சும்மா கொடுத்தால் மதிப்பில்லை என்று நான் முதலிலிருந்தே சொல்லி வருகிறேன்.