நான்காவது புகார்

சாப்பாட்டின் நடுவில் எழுந்து போகும் பழக்கம் எனக்கு உண்டு. வாசலில் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தால்தான் அடுத்த வாய் இறங்கும். பதினான்கு வருடப் பழைய வண்டி, ஏழு பேர் உட்காரலாம். கியர் லிவரை 'பார்க்' என்ற நிறுத்தும் நிலைக்குத் தள்ளினால் விளக்கு எரியும். உள்ளே கியர் விழுந்திருக்காது. கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக நிற்கும், பிறகு நகரும். ஹேண்ட் பிரேக் எப்போதோ செத்துவிட்டது.

கம்பெனிக்கு மூன்று முறை புகார் எழுதினேன், ஐயா. சோதித்ததில் குறை இல்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது. மெக்கானிக் சிரித்தார். அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னான்: "வண்டில ஒண்ணும் இல்ல. இவன் மண்டையிலதான் கியர் விழல." சக்கரத்துக்கு அண்டை கொடுக்க சீட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருப்பேன். அதனால் அவன் பிள்ளைகளுக்கு நான் 'கட்டைச் சித்தப்பா'. எனக்கு அது வலித்தது.

அண்ணன் வீடு சரிவில் இருக்கிறது. வண்டியை மேலே நிறுத்தி, இறங்கி முன்னால் நடந்துதான் கேட்டைத் திறக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை, கட்டில் ஏற்ற வண்டி கேட்டு வந்தான். சாவியைக் கொடுத்தேன். அதற்குமுன் கட்டையை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டேன். என் கட்டை, நான் எடுத்தேன். கிண்டல் செய்கிறவனுக்கு அது எதற்கு?

அதன்பின் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். வண்டியில்லாத வாசலில் பார்க்க என்ன இருக்கிறது? நான்காவது புகாரை எழுதி அனுப்பினேன். சரிவு, கேட், வண்டிக்கும் கேட்டுக்கும் நடுவில் சிக்கி ஒருவர் இறந்தது, எல்லாம் விவரமாக. அனுப்பியது பத்து நாற்பதுக்கு. அண்ணன் இறந்தது பதினொன்று பத்துக்கு என்கிறீர்கள். இருக்கலாம். எழுத்து வேலையை நான் தள்ளிப்போடுவதில்லை.

பதினொன்று ஐந்துக்கு அவன் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. அவன் விட்ட குரல் செய்தியை நீங்கள்தான் இப்போது போட்டுக் காட்டினீர்கள்.

"டேய், கட்டை எங்கடா? எப்பவும் அதை வெச்சுத்தானே நிறுத்துவேன். நீ சொன்னது சரிதான்டா, இது நிக்காது. உன்னைச் சும்மா சீண்டினேன். சரி, கீழ ஏதாவது கல்லு கிடக்குதான்னு பாக்குறேன்."

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குரலை மட்டும் இன்னொரு தடவை போடுங்கள், ஐயா. கட்டை, கல்லெல்லாம் வேண்டாம். நான் சொன்னது சரி என்கிறானே, அந்த இடம்.