நான்கு இருபதுகள்

பள்ளியில் எனக்குச் சரித்திரம் பிடிக்காது. ஆண்டுகள் மனதில் தங்காது. அதனால்தானோ என்னவோ, ஆலையின் ஆண்டு விழாவுக்கு ஒரு சரித்திரக் கண்காட்சியை நானே தயாரித்தபோது அவ்வளவு பெருமையாக இருந்தது.

எண்ணூர் ஓடைக்கரையில் இருக்கும் ரசாயன ஆலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. பெயர் குணசீலன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வாக்குமூலத்தில் நானே சொல்வது முறை.

கண்காட்சியின் யோசனை எளிமையானது. நூற்றாண்டுகள் வேறு, பத்தாண்டு ஒன்று: இருபதுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. ஆயிரத்து எழுநூற்று இருபதுகளில் சென்னைக் கரையைப் புரட்டிய புயல். அடுத்த நூற்றாண்டின் இருபதுகளில் கிறிஸ்தவப் படகுக்காரர்கள் எழுப்பிய ராயபுரம் ராயப்பர் கோயில். அதற்கடுத்த இருபதுகளில் பெரம்பூர் மில் வேலைநிறுத்தம். நான்காவது நம்முடைய இருபதுகள். அந்தப் பலகையில் எங்கள் ஆலையின் படம். அடியில் ‘விபத்தே இல்லாத பத்தாண்டு’ என்று எழுதவைத்தேன்.

“பத்து வருசம் இன்னும் முடியலையே சார், இப்பவே போட்டுடலாமா?” என்று பேனர் கடைக்காரர் கேட்டார்.

“போடுங்க” என்றேன்.

விழா, சாலையோர மேட்டில் இருக்கும் குப்பத்துப் பள்ளியில், காலை வேளையில் நடந்தது. ஆலை விரிவாக்கத்துக்கு அனுமதி தரவேண்டிய அதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். மேடையில் நான் புயலைப் பேசி முடித்துக் கோயில் பலகைக்கு வந்தபோது கைபேசி அதிர்ந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஷாரிக் எழுதியிருந்தான்: ‘குளோரின் குழாய் கசியுது சார். காத்து ஓடைப் பக்கம் அடிக்குது. சங்கு ஊதட்டுமா?’

என் அனுமதி இல்லாமல் அபாயச் சங்கை ஊதக் கூடாது என்பது நான் போட்ட விதி. முன்பு ஒருமுறை தவறுதலாக ஊதி, குப்பமே சாலைக்கு ஓடிவந்து மறியல் செய்தது. அன்றைக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் அப்படி ஒன்றைப் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

குளோரின் காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடம் தேடிப் போகும். அங்கே ஓடையைவிடத் தாழ்வான இடம் கிடையாது. அந்த நேரத்தில் ஓடையில் யார் இருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். குப்பத்துப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பார்கள்.

‘பொறு’ என்று பதில் அனுப்பினேன்.

வேலைநிறுத்தத்தைப் பற்றி நிதானமாகப் பேசினேன். நன்றாகவே பேசினேன். நடுவில் மறுபடியும் கைபேசி அதிர்ந்தது. ‘சார், ஓடைல பொம்பளைங்க கீறாங்க.’ அதைப் படித்துவிட்டுத்தான் நான்காவது பலகையின் பக்கம் திரும்பினேன். கைதட்டினார்கள். மேடையைவிட்டு இறங்கிய பிறகு ‘ஊது’ என்று அனுப்பினேன்.

ஓடையில் இறால் பிடித்துக்கொண்டிருந்த மலர்க்கொடியும் இன்னும் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மலர்க்கொடியின் அம்மா முத்தம்மா பிழைத்துக்கொண்டாள். நான் மருத்துவமனைக்குப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் சரியாக எழவில்லை.

“நீதானே சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தே? சங்கு ஊதுனா மேட்டுக்கு ஓடணும், ஊதலேன்னா பயப்பட வேணாம்னு. ‘கண்ணு எரியுதும்மா, வா பூடலாம்’னு எம்பொண்ணு சொன்னா. நாந்தான் சார், ‘சங்கு ஊதலியேடி, இன்னும் கொஞ்சம் புடிச்சிக்கினு போலாம்’னேன். நானே கொன்னுட்டேன் சார் அவள.”

அந்தப் பழியை அவள் தலையில் நான் ஏற்றிவைக்கவில்லை. அவளாகவே ஏற்றிக்கொண்டாள். ஆனால் அதை இறக்கிவைக்க என் ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும். “அழாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் அவள் பிடித்திருந்த கையைக் கழுவினேன். எதற்காக என்று கேட்காதீர்கள். வெட்கமாக இருக்கிறது.

நான்காவது பலகையை அன்று மாலையே கழற்றச் சொன்னேன். மற்ற மூன்றும் இன்னும் பள்ளிச் சுவரில் இருக்கின்றன. இந்தக் கரையின் இருபதுகளைப் பற்றி இனி யாராவது பேசினால், மலர்க்கொடியின் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் பெயரோடு என் பெயரும் வரும். வரட்டும்.

சின்னக் கசிவு, தானே அடங்கிவிடும் என்று நினைத்தேன்: ஆலையின் விசாரணையில் இதைத்தான் சொன்னேன். பலமுறை சொன்னதில் எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது. ‘மனுஷன் தப்புக் கணக்குப் போடறது சகஜம்தான்’ என்று கூட வேலை செய்கிறவர்கள் தேற்றினார்கள். நானும் தேறிக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

என் வீடு ஆலைக் குடியிருப்பில், ஓடையைப் பார்த்த தரைத்தளத்தில் இருக்கிறது. அன்று காலை என் மனைவி ஜெமிமாவும் குழந்தை மதியும் வீட்டில் இருந்தார்கள். ஷாரிக்கின் முதல் செய்தியைப் படித்ததும், தண்ணீர் குடிப்பதுபோல் மேடையில் திரும்பி நின்று ஜெமிமாவுக்கு எழுதினேன்: ‘மதிய தூக்கிக்கினு மொட்டைமாடிக்குப் போயிடு. ஏன்னு கேக்காத.’ ‘போய்ட்டோம்’ என்று அவள் பதில் அனுப்பும்வரை காத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஷாரிக்குக்குப் ‘பொறு’ என்று அனுப்பினேன்.