மரத்துக்காகப் பதில் சொன்னவள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஆப்பிள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்தப் பக்கம் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். இலை வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றுவார்கள். கோடை முடியவில்லை என்று நம்பி மரம் துளிர்விடும். முதல் கடுங்குளிரில் பட்டை வெடித்துவிடும். கொஞ்சம் காயவிட்டால்தான் மரத்துக்குப் பனிக்காலம் வருவது தெரியும். என் அண்ணன் வாசிலும் அப்படித்தான், எனக்குத் தெரியாமல் ஊற்றுவான். நல்ல மனசு அவனுக்கு. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடும். கயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். மரத்தைச் சொல்லாமல் கயிற்றைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அப்பா அம்மா போன பிறகு இந்தப் பண்ணையில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோதுமையும் மாடும் அவனுடையவை, தோட்டம் என்னுடையது. சைபீரியக் காட்டு ஆப்பிளின் பூவில் கிழக்கேயிருந்து வந்த இனிப்பு ஆப்பிளின் மகரந்தத்தைத் தடவி, அந்த விதைகளை ஒரு நீண்ட வரிசையாகப் போட்டேன். குளிருக்கு எதையும் மூடவில்லை. மூடினால் எது தாங்கும், எது தாங்காது என்று தெரியாமலே போய்விடும்.

வாசல் வெப்பமானியில் பாதரசம் உறைந்துபோன பனிக்காலம் ஒன்று வந்தது. வசந்தத்தில் பார்த்தால் வரிசை முழுக்கக் கறுத்த குச்சிகள். ஒன்று மட்டும் நுனிவரை பச்சையாக இருந்தது. வேறு சிலவற்றில் அடியில் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. அவற்றையும் பிடுங்கினேன். பாதி பிழைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவற்றை அடுப்பில் வைத்தபோது வாசில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லவேளை டெக்லா, உனக்கு அண்ணனாப் பொறந்தேன். செடியாப் பொறந்திருந்தா இந்நேரம் அடுப்புக்குள்ளதான்" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த ஒன்றுதான் நீங்கள் முற்றத்தில் பார்த்த மரம். பழம் கைக்குள் அடங்கும். மஞ்சளில் சிவப்புக் கோடு ஓடியிருக்கும். நிலவறையில் வைத்தால் ஈஸ்டர்வரை சுருங்காது. அதற்கு நான் செய்யும் ஒரே சலுகை, அக்டோபரில் அடிமரத்தில் சணல் சாக்கைத் தடியாகச் சுற்றிவிடுவது. அது குளிருக்கு இல்லை, முயலுக்கு. பனி உயர்ந்தால் முயல் அதன்மேல் ஏறி நின்று பட்டையைக் கடிக்கும். சுற்றிலும் பட்டை போய்விட்டால் மரம் செத்துவிட்டது என்றுதான் கணக்கு. நின்றுகொண்டேதான் இருக்கும், ஆனால் செத்துவிட்டது.

வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குக் கயிறு கட்டுவதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த சஸ்காச்சுவான் மாகாணத்தில் எந்தப் பண்ணையில்தான் கட்டவில்லை? பனிப்புயலில் நீட்டிய கை தெரியாது, கயிற்றைப் பிடித்துத்தான் போய்வர வேண்டும். எங்கள் கயிற்றுக்கு நடுவில் ஒரு கம்பம் இருந்தது. போன இலையுதிர் காலத்தில் வாசில் டிராக்டரைப் பின்னால் எடுத்தபோது அதை முறித்துவிட்டான். புதுக் கம்பம் நடுவதற்குள் தரை இறுகிவிட்டது. வீட்டிலிருந்து வரும் கயிறு ஒன்று, கொட்டகைக்குப் போகும் கயிறு ஒன்று, இரண்டையும் அவன் என் மரத்தில் கட்டினான்.

"அண்ணே, அதுல கட்டாத. காத்துல கயிறு ஆடி ஆடிப் பட்டைய அறுத்துடும்" என்றேன்.

"அதான் மேல கோட்டு போட்டுவிட்டிருக்கியே. எனக்கு என்னைக்காவது இவ்வளவு தடியா ஒண்ணு தைச்சுக் குடுத்திருக்கியா?"

எல்லாவற்றையும் வேடிக்கையாக்கிவிடுவான்.

எங்கள் சர்ச் கணக்கில் கிறிஸ்துமஸ் ஜனவரியில் வரும். முந்தின சாயங்காலம், முதல் நட்சத்திரம் தெரிந்ததும், சாப்பிட உட்காருவதற்கு முன்னால் வீட்டு ஆண் கோடரியோடு பழமரத்திடம் போவான். காய்க்கிறாயா, வெட்டவா என்று கேட்பான். இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் நின்று மரத்துக்காகப் பதில் சொல்வார். வெட்டாதே, காய்க்கிறேன் என்று. கேட்டவன் கோடரியின் பின்பக்கத்தால் மரத்தை மெல்லத் தட்டிவிட்டு உள்ளே வருவான். அதோடு பேச்சு முடிந்தது. ஒவ்வொரு வருஷமும் நான்தான் பதில் சொல்வேன்.

இந்த முறையும் சொன்னேன். அவன் தட்டவில்லை. கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

"காய்ச்சு என்ன பண்றது டெக்லா. நெலத்த ஹாகெனுக்குப் பேசி முடிச்சிட்டேன். வசந்தத்துல புல்டோசர் கொண்டு வர்றானாம். வீடு, முற்றம் எல்லாத்தையும் சமமாக்கிக் கோதுமை போடப்போறான்."

ஹாகென் எங்கள் கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

"எனக்கு முட்டி போச்சு. டவுன்ல ரெண்டு ரூம் வீடு பாத்திருக்கேன். கொழாயத் தொறந்தா சுடுதண்ணி. உனக்கும் சேத்துத்தான்."

"மரம்?"

"மார்ச்சுல நாலு குச்சி வெட்டிக்க. எங்கயாவது ஒட்டு கட்டிக்க. அதே மரந்தானே?"

அவன் சொன்னது சரிதான். குச்சியில் ஒட்டுக் கட்டினால் அதே மரம்தான் வரும். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பாதரசம் உறைந்த அந்தப் பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்தது குச்சி இல்லை, வேர்.

"வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லேன் புள்ள" என்றான்.

சூப் ஆறிப்போகும் என்றேன். உள்ளே போய்ச் சாப்பிட்டோம். அவன் பாட்டுக்கூடப் பாடினான். ஒரு மரத்திடம் கேள்வி கேட்டு, பதிலும் வாங்கிக்கொண்டு, பிறகு இப்படிப் பேசலாமா என்று மட்டும் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பண்டிகை முடிந்த உடனே அந்தப் புயல் வந்தது. மத்தியானமே வடக்கு வெளுத்துவிட்டது. வாசில் பால் வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினான். "பைரோகிய மொத்தமாத் தின்னு தீத்துடாத, எனக்கும் வை" என்றான். அவன் என்னிடம் பேசியதில் அதுதான் கடைசி.

கொஞ்ச நேரம் சமையலறை ஜன்னலிலிருந்து மரம் தெரிந்தது. கயிறு அதை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு மரமும் தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரம்வரை போனேன். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கையுறையோடு அவிழ்க்க வரவில்லை. கழற்றிவிட்டு அவிழ்த்தேன். விரல்களில் இந்தக் கட்டு அதனால்தான். டாக்டர் இரண்டை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்.

வீட்டுப் பக்கத்துக் கயிற்றை அவிழ்க்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதானே நான் திரும்ப வேண்டும்? கொட்டகைப் பக்கத்துக் கயிற்றை மட்டும்தான். முடிச்சு விட்டதும் அது கையிலிருந்து பறந்துபோயிற்று.

வந்து கெட்டிலை அடுப்பில் வைத்தேன். சிறிது நேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. கொட்டகைக் கூரையில் தகரம் ஒன்று ஆடுகிறது என்று நினைத்தேன். பால் வாளியைத் தட்டினாலும் அப்படித்தான் கேட்கும் என்கிறீர்கள். இருக்கலாம். பிறகு தகரம் நின்றுவிட்டது. காற்று நிற்கவில்லை. அவன் பங்கு பைரோகிக் கொழுக்கட்டையைத் தட்டு போட்டு மூடி வைத்தேன்.

புயல் ஓய்ந்ததும் ஹாகென்தான் அவனைக் கண்டுபிடித்தார், கரகானாப் புதர் வேலிக்கு அப்பால். கொட்டகைக்கே திரும்பியிருக்கலாமே என்று கேட்டீர்கள். கயிறு முடியும் இடத்தில் மரம் இருக்க வேண்டும். கைக்கு எட்டவில்லை என்றால் இன்னும் இரண்டடியில் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். காற்று கயிற்றின் நுனியை எங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நுனியை விட்டுவிட்டுத் தேடியிருக்கிறான். விட்ட பிறகு அதுவும் கிடைத்திருக்காது. ஒரு கையில் உறை இல்லை என்று ஹாகென் சொன்னார். பட்டையைத் தொட்டுத் தெரிந்துகொள்ளக் கழற்றியிருப்பான். கடைசி நேரத்தில் என் மரத்தைத்தான் தேடியிருக்கிறான் என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

அவன் கொட்டகைக்குள் இருந்தது தெரியுமா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். தெரியும். கறந்து முடித்ததும் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் வருவான் என்பதும் தெரியும். உங்கள் போலீஸ் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு வருத்தம். இன்று காலை மரத்தில் சாக்கைப் பிரித்துப் பார்த்தவர், திரும்பச் சுற்றாமல் வந்துவிட்டீர்கள். போகும்போது சுற்றிவிட்டுப் போங்கள், முயல் வரும். கயிறு கட்டியிருந்த இடத்தில், பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை என்றீர்கள். என்னவோ என் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி சொன்னீர்கள். கீறல் எப்படி இருக்கும்? நான்தான் சரியான நேரத்தில் அவிழ்த்துவிட்டேனே.