ஞாயிற்றுக்கிழமை வாத்து

சோம்பு போட்டுக் காய்ச்சிய அரக் சாராயத்தை வைத்து ரேடியோவின் உட்புறத்தைத் துடைக்கக் கூடாது. அதிலுள்ள சோம்பு எண்ணெய் தொடுமுனைகளில் படிந்து பிசுபிசுத்துப் போகும். ஜிரியஸின் செட்டைத் திறந்தபோது சோம்பு வாசனை வீசியதாகத் தங்கள் ரேடியோ உரிம அலுவலகத்தின் ஆய்வாளர் குறிப்பு எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது என் வேலை அல்ல. ஜிரியஸ் தானாகச் செய்தது. மற்றவை அனைத்தும் நான் செய்தவை. பதினெட்டுப் பேர் கொண்ட மன்றத்தில் என் ஒருவனுடைய உரிமம் மட்டும் எப்படித் தப்பியது என்று தாங்கள் எழுத்துமூலம் கேட்டிருப்பதால், வரிசையாக எழுதுகிறேன்.

என் பெயர் நயீம் ஸக்கூர். ஸஹ்லே நகரில் ஒயின் ஆலையின் மின்பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். எங்கள் ஹாம் ரேடியோ மன்றத்தார் ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தே ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது வழக்கம். அந்தக் கூட்டத்தைப் பத்தொன்பது வருடம் நடத்தியவன் நான். நடத்துநர் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் ஒருவர் வாய் திறக்கலாம். விதிகளையும் நானே எழுதினேன். அவற்றில் இரண்டு இங்கே தேவைப்படும். நடத்துநர் அலைவரிசையில் எந்த இடத்தில் பேசுகிறாரோ அந்த இடத்துக்குத்தான் மற்றவர்கள் டயலைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நடத்துநரைக் குறுக்கிடக் கூடாது.

ஜிரியஸ் எங்கள் தெரு. கோயிலில் பாடகர். பிரேசிலில் இறந்துபோன அவருடைய சித்தப்பாவின் பழைய வால்வு செட் ஒன்று போன வசந்தத்தில் கப்பலில் வந்து இறங்கியது. அறுபதுகளில் அமெரிக்காவில் செய்தது. பேசுவது, கேட்பது இரண்டுக்கும் ஒரே பெட்டி. உள்ளே இருபத்தோரு வால்வுகள், ஒரு பிரேசில் கரப்பான். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்து என் மேஜையில் வைத்தோம்.

"அபூ மிலாத், சொருகிப் பாத்துடலாமா?" என்றார். மூத்த மகன் பெயரை வைத்து ஊரில் என்னை அபூ மிலாத் என்றும் அவரை அபூ தானி என்றும் அழைப்பார்கள்.

"சொருகினா உங்க சித்தப்பாவை நேர்லயே பாத்துடலாம். கையை எடுங்க."

இருபது வருடம் தூங்கிய செட்டுக்கு ஒரேயடியாக மின்சாரம் கொடுக்கக் கூடாது. நூறு வாட் பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டி, அதன் வழியாகக் கொடுத்தேன். பல்பு முழு வெளிச்சமாக எரிந்தது. உள்ளே எங்கோ ஷார்ட் சர்க்யூட். மின்வழங்கியின் கண்டன்சர்கள் நான்கும் சுட்ட ரொட்டிபோல உப்பியிருந்தன. அவற்றை மாற்றினேன். பிறகு காகிதக் கண்டன்சர்கள் பதினாறு. அளவு ஏறிப்போன மின்தடைகள் ஒன்பது. உள்ளே எண்ணூறு வோல்ட் ஓடுவதால் இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்தேன். ஐந்து மாதம் ஆயிற்று. தெரு ஜெனரேட்டரில் எங்கள் பங்கு ஐந்து ஆம்பியர். நான் செட்டைப் போடும்போது என் மனைவி சல்வா இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் வீடே இருண்டுவிடும். ஒருமுறைகூட நான் கோபப்படவில்லை. இதைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அந்தச் செட்டில் ஜிரியஸ் முதல்முறையாகக் கூட்டத்தில் பேசினார். வால்வுகள் அவருடைய குரலுக்கு என்ன செய்தன என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. தேனில் நனைத்த மணி அடித்ததுபோல இருந்தது. அவர் சொன்னது, தம் வீட்டில் கத்தரிக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது என்பது மட்டுமே. பதினாறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

மருந்துக்கடை ஹனானை அழைத்தேன். அவர் சொன்னார்: "அபூ தானி, நீங்க கத்தரிக்காயோட நிறுத்திடாதீங்க, வெண்டைக்காயும் சொல்லுங்க. ஜனவரியில நீங்களே கூட்டத்தை நடத்துங்களேன். அபூ மிலாத் தப்பா நினைக்க மாட்டார். பாவம், பத்தொன்பது வருஷமா எங்களுக்கு பிஸ்கட் டப்பாக்குள்ள இருந்து பேசறார்."

நான் தப்பாக நினைக்கவில்லை. அன்று மதியம் கிப்பே கறியுருண்டையைச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். சல்வா தட்டை எடுத்துக்கொண்டே, "அவர் செட்டு செத்துக் கெடந்தப்போ ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்கினீங்க. அதை எழுப்பி விட்டுட்டு இப்ப நீங்க முழிச்சிருக்கப் போறீங்க" என்றாள். அவளுக்கு ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, "லேசா ஒரு இரைச்சல் இருக்கு, கொண்டாங்க" என்று செட்டை வரவழைத்தேன். இரைச்சல் எதுவும் இல்லை. அந்தச் செட்டின் அடியில் கடுகளவு திருகு ஒன்று உண்டு. கேட்கும் இடத்தையும் பேசும் இடத்தையும் ஒன்றாகக் கட்டி வைப்பது அதுதான். கால் சுற்றுத் திருப்பினேன். பிளாஸ்டிக் திருப்புளி, மூன்று விநாடி வேலை.

இதன் விளைவைச் சொல்ல வேண்டும். எங்கள் வகை ரேடியோவில் குரலை மிகச் சரியான இடத்தில் வைத்துக் கேட்டால்தான் அது மனிதக் குரல். மயிரிழை விலகினால் வாத்து. இனி ஜிரியஸ் ஓரிடத்தில் கேட்பார், மயிரிழை மேலே பேசுவார். எங்கள் குரல் அவருக்குத் தெளிவாக விழும். அவர் குரல் மட்டும் எங்களுக்கு வாத்தாக வரும். தான் வாத்து என்பது அவருக்கு எந்த நாளும் தெரியவராது.

தெரியவும் இல்லை. ஹாம்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. எதிராளியின் குரல் எப்படி இருந்தாலும் "ஐந்து ஒன்பது" என்றுதான் சொல்வார்கள், முழு மதிப்பெண். அந்த ஞாயிறு வாத்து ஒன்று கத்தரிக்காயில் புழு விழுந்ததைச் சோகமாக விவரித்தது. பதினாறு பேரும் குரல் நடுங்க "ஐந்து ஒன்பது" சொன்னார்கள். ஹனான் மட்டும் இரண்டு முறை சொன்னார்; முதல் முறை சிரிப்பில் முடிக்க முடியவில்லை.

நான் ஒன்றைக் கணக்கில் எடுக்கத் தவறினேன். மக்களுக்கு வாத்து பிடிக்கும். அடுத்தடுத்த வாரங்களில் மன்றத்தார் தங்கள் வீட்டாரையும் ரேடியோ பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வாத்து வானிலை சொன்னது. வாத்து இரங்கல் சொன்னது. கிறிஸ்துமஸுக்கு வாத்து ஒரு பாட்டே பாடியது. ஜனவரியில் நடந்த நடத்துநர் தேர்தலில் அதற்குப் பதினைந்து ஓட்டு. எனக்கு மூன்று, என்னுடையதையும் சேர்த்து.

ஜிரியஸ் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "இது உங்க கையாலதான், அபூ மிலாத்."

"ஆமாம்," என்றேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல.

இனித் தங்களுக்கு வேண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை. ஜிரியஸ் நடத்துநராகப் பேசினார். விதிப்படி பதினேழு பேரும் டயலை மயிரிழை மேலே திருப்பி, அவர் குரல் மனிதக் குரலாகும் இடத்தில் நின்றோம். அங்கிருந்து நாங்கள் பேசியதும், அவர் காதில் நாங்கள் அனைவரும் வாத்து.

"என்னப்பா இது, எல்லாரும் ஒரே வீட்டுல ஐஸ் தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டபடி அவர் தம் டயலை மேலே திருப்பினார். மீண்டும் அவர் வாத்தானார். விதிப்படி நாங்களும் மேலே போனோம். அவர் எங்களைப் பிடிக்க, நாங்கள் அவரைப் பிடிக்க, மன்றமே ஒருவர் பின் ஒருவராக மாடிப்படி ஏறியது. நடத்துநர் நகரக் கூடாது என்று நான் விதி எழுதியிருக்கவில்லை. பத்தொன்பது வருடம் அந்த இடத்தில் இருந்தவன் நான். நான் நகர்கிறவன் அல்ல.

எங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை ஓரிடத்தில் முடிகிறது. அதற்கு மேல் வானொலி நிலையங்களின் இடம். அங்கே நாங்கள் வாய் திறப்பது குற்றம். என் செட்டில் எண்கள் தெரியும். மற்றவர்களுடையதிலும் தெரியும், ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டே காதால் பின்தொடர்ந்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது படியிலேயே விஷயம் புரிந்தது. எல்லை முப்பத்தொன்றாவது படியில் இருந்தது. இடையில் என் முறை இரண்டு தடவை வந்தது. "நில்லுங்கள்" என்ற ஒரு சொல் போதும். முதல் தடவை ரோஜாச் செடிக்கு உரம் வைப்பது பற்றிப் பேசினேன். இரண்டாம் தடவை எல்லோருக்கும் நல்ல உடல்நலம் வேண்டினேன். மற்ற நேரத்தில் வாய் திறந்தால் நடத்துநரைக் குறுக்கிட்டதாகும்.

முப்பத்தொன்றாவது படியில் நான் பேசும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கேட்பதற்கு உரிமம் தேவையில்லை. பதினேழு பேர் ஏறிப் போவதை நாற்பது நிமிடம் கேட்டேன். மேலே ஒரு வானொலி நிலையம் கோதுமை விலைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. ஜிரியஸ் அதைப் புது உறுப்பினர் என்று நினைத்துக்கொண்டார்.

"வாங்க வாங்க, அருமையான குரல். ஐந்து ஒன்பது. உங்க அழைப்புக்குறி என்ன, உஸ்தாத்?"

செய்தி வாசிப்பவர் கோதுமையிலிருந்து பார்லிக்குப் போனார்.

"உஸ்தாத், இங்க ஒரு ஒழுங்கு இருக்கு. நான் கூப்பிட்டாத்தான் பேசணும். ஹனான், நீ சொல்லும்மா இவருக்கு."

ஹனான் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் சொன்னார்கள். மூன்று மாவட்டங்களில் கோதுமை விலைக்குப் பதிலாக அது ஒலித்ததாகத் தங்கள் அறிக்கையில் இருக்கிறது. பதினேழு உரிமங்கள் ஒரு வருடத்துக்கு நிறுத்தம். ஜிரியஸின் செட்டுக்கு அரக்கு முத்திரை. அவர் அதன்மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறார் என்று சல்வா சொன்னாள். எங்கள் வீட்டு வாசல் வழியாக வருவதை நிறுத்திவிட்டாராம். தன்னால் பதினாறு பேருக்கு அவமானம் என்று நினைக்கிறாராம். நான் பழுது பார்த்த செட்டில் குறை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தொழிலில் அவ்வளவு நம்பிக்கை கிடைப்பது அரிது.

ஆகவே திருகைத் திருப்பியவன் நான். படிகளை எண்ணியவனும் நான். இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். பொறாமைக்காரன் ஐந்து மாதம் உட்கார்ந்து காகிதக் கண்டன்சர் மாற்ற மாட்டான். நான் ஒழுங்கு விரும்புகிறவன். அந்த ஒழுங்கு கெடக் கூடாது என்பது மட்டுமே என் கவலையாக இருந்தது. இப்போது உரிமம் உள்ள ஒரே உறுப்பினர் நான் என்பதால் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு மறுபடி என்மேல் விழுந்துவிட்டது. கடந்த மூன்று ஞாயிறும் சரியாகப் பதினொரு மணிக்குக் கூட்டத்தைத் திறந்து, பதினேழு பேரையும் அழைப்புக்குறி சொல்லி வரிசையாக அழைத்து, ஒவ்வொருவர் பதிலுக்கும் ஒரு நிமிடம் விட்டு, பன்னிரண்டுக்கு முடித்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. பத்தொன்பது வருடத்தில் கூட்டம் இவ்வளவு நன்றாக நடந்ததே இல்லை.